அம்மா வரைந்த குடும்பப் படம்

எங்கள் வீட்டில் பெரியம்மாவின் சாவுக்கு ஒரே தீர்ப்புதான்: பெயிண்ட் கொன்றுவிட்டது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர். என்னைத் தூக்கிக் கொஞ்சும்போதுகூடப் புடவையில் தின்னர் வாசம் அடிக்கும். மார்பகப் புற்றுநோய் வந்து நாற்பது வயதுக்குள் போய்விட்டார். குற்றவாளி கிடைத்துவிட்ட பிறகு யார் விசாரிக்கப் போகிறார்கள்? அந்தத் தீர்ப்பில் எல்லாருக்கும் ஒரு நிம்மதியும் இருந்தது. மற்றவர்கள் யாரும் பெயிண்ட் பக்கமே போனதில்லை அல்லவா.

சித்தி மல்லேஸ்வரத்தில் ஒரு வங்கியில், ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். மார்பில் கட்டி தட்டுப்பட்டும் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "நான் என்ன பெயிண்டா அடிச்சேன்?" என்று பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டு அழுதார். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது.

குடும்பத்தைப் படமாக வரைந்து எடுத்துவரச் சொன்னார் டாக்டரம்மா. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், புற்றுநோய் வந்தவர்களைக் கறுப்பாக்க வேண்டும். அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஸ்கேல் வைத்து வரைந்தாள். சித்தியை மட்டும் கறுப்பாக்கினாள். பெரியம்மாவின் வட்டம் வெள்ளையாகவே இருந்தது.

டாக்டரம்மா கன்னடக்காரர்; தமிழ் நன்றாகவே பேசுவார். "உங்க அக்காவும் இதே நோயிலதானே போனாங்க?" என்று கேட்டார்.

"அது ஃபாக்டரியால வந்தது டாக்டர். குடும்பத்துல சேராது."

"ஃபாக்டரியும் காரணமா இருந்திருக்கலாம் மேடம். ரத்தத்துல வந்ததும் இருந்திருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் வேலை செய்யும். உங்க தங்கச்சிக்கு ஜீன் டெஸ்ட் எடுப்போம். அதுல ஏதாவது இருந்தா நீங்களும் எடுத்துக்கணும். படத்துல பிள்ளைங்களையும் சேர்த்து வரைஞ்சிட்டு வாங்க."

அம்மா வீடு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.

மறுநாள் புதுத் தாள். பெரியம்மாவும் கறுப்பானார். அவருடைய மகள், சித்தியின் இரண்டு பையன்கள் எல்லாரும் அவரவர் அம்மாவுக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் அம்மாவுக்குக் கீழே மட்டும் ஒன்றுமே இல்லை.

"நான் எங்கேம்மா?"

"எடம் இல்லடி, போ."

உள்ளங்கை அகலத்துக்கு இடம் இருந்தது! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளன்று, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு வட்டம் போட்டேன், எல்லாரையும்விடப் பெரியதாக. அதற்கு ரெட்டைச் சடை பின்னி ரிப்பனும் கட்டிவிட்டேன்.

டாக்டரம்மா தாளைப் பிரித்ததும் சிரித்துவிட்டார். "இது யாரு புட்டி, நீயா?" குட்டிப் பெண்ணைக் கன்னடத்தில் செல்லமாகப் புட்டி என்பார்கள்.

"ஆமா டாக்டர். அம்மா மறந்துட்டாங்க."

அம்மா எட்டிப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று நாற்காலியில் ஒடுங்கினேன். அவளோ துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, டாக்டரம்மா முன்னாலேயே அழுதாள். தாளில் இல்லாத பிள்ளையை நோய் தேடி வராது என்று, பி.எஸ்ஸி. படித்த அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பெற்ற மகளை மறந்துபோன வெட்கத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பெரிய மனது பண்ணி, அங்கேயே அவளை மன்னித்தும் விட்டேன்.