பீடியை விட்ட மூன்றாவது வாரம்

1957-ஆம் வருஷம். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற ரோட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தபால்காரனாக இருந்தேன். அரசாங்கத் தபால்காரன் இல்லை, தோட்டத்துத் தபால்காரன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தோல் பையை மாட்டிக்கொண்டு கீழே ரோட்டோரத்துத் தபால் கந்தோருக்கு இறங்க வேண்டும். தோட்டத் துரைக்கும், லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்கும் வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் மேலே ஏற வேண்டும். அதுதான் வேலை.

அந்தப் பாதையில் ஏழு வளைவு. வளைவுக்கு ஒரு பீடி. மூச்சு வாங்குகிறதே என்று உட்காருவேன். உட்கார்ந்தால் கை தானாகப் பீடிக்குப் போகும். பீடி குடித்தால் இன்னும் மூச்சு வாங்கும். அதனால் இன்னும் கொஞ்சம் உட்காருவேன். முப்பத்து மூன்று வயதிலேயே அறுபது வயதுக்காரன் மாதிரிதான் ஏறிக்கொண்டிருந்தேன். பாதை செங்குத்து, அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த ஐப்பசி மழையில் என் மகளுக்குக் கடுங்காய்ச்சல். ஐந்து வயது. ஒன்பது நாள் கண்ணைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். நானும் என் மனைவியும் அழுதுகொண்டே ரொட்டி சுட்டோம். அவள் தின்று முடித்ததும் மனைவி என் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க பீடியைத் தொடக்கூடாதுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் என்னவென்றால், பிள்ளை பிழைத்தால் என் புருஷன் பீடியை விட்டுவிடுவார் என்று கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒன் தலைமுடியைக் குடுக்குறேன்னு நேந்திருக்கலாம்ல?"

"முடி திரும்ப மொளைச்சுரும்ங்க. சாமிக்குக் கஷ்டமானதைத்தானே குடுக்கணும்?"

"கஷ்டம் எனக்குத்தானே!"

"நீங்களும் அவளுக்கு அப்பாதானே?"

மடியில் இருந்த பீடிக் கட்டை எடுத்து அடுப்பில் போட்டேன். அந்தப் புகையைக் கொஞ்சம் கிட்டப் போய் நின்று முகர்ந்ததை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

முதல் வாரம் நான் மனுஷனாகவே இல்லை. கந்தோர் வாசலில் படுத்திருந்த நாயோடு சண்டை போட்டேன். துரைக்கு வந்த கடிதத்தைப் பெரிய கங்காணியிடமும், கங்காணிக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைத் துரையிடமும் கொடுத்தேன். கை எந்நேரமும் மடியைத் தடவும். வயிறோ, தொழிற்சங்கத்துக்கே தெரியாமல் ஸ்ட்ரைக் பண்ணியது. நாலு நாள். ஐந்தாம் நாள் அது வேலைக்குத் திரும்பியபோது, மகள் எழுந்து உட்கார்ந்த நாளைப் போலவே சந்தோஷப்பட்டேன்.

ஒரு தடவை கனவில் பீடி குடித்துவிட்டேன். விடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நேர்த்தி கெட்டுப் போய்ப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரியிடம் ஓடினேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "கனவுல சாமி வந்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அவரு பாக்கலை. போயி வேலையப் பாரு" என்றார்.

இரண்டாவது வாரம் மூக்கு திறந்தது. தேயிலை அரைக்கிற ஸ்டோரைத் தாண்டித்தான் தினமும் போவேன். அன்றைக்கு அங்கே போய்க்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மேல் மாடியில் வாடப்போட்ட கொழுந்திலிருந்து ஒரு வாசம். பழுத்த பழம் மாதிரி, பச்சைப் புல் மாதிரி, இரண்டும் சேர்ந்த மாதிரி. பதினொரு வருஷமாக அந்த வழியே போகிறேன், ஒரு நாள்கூட அதை நான் அறிந்ததில்லை. "யாரு என்ன புதுசா அரைக்கிறாங்க?" என்று வாசலில் நின்ற காவல்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நல்ல வாசம் மட்டும் வந்தால் பரவாயில்லை. என் கம்பளி நாறியது. தபால் பை நாறியது. லயத்துச் சாக்கடைக் கானில் என்னென்ன ஓடுகிறது என்று தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் சொல்லவும் செய்தேன். அதனால் அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர் போய்விட்டது.

அப்புறம் நாக்கு. ஒரு நாள் கருவாட்டுக் குழம்பை வாயில் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன இவ்வளவு உப்பு?" என்றேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து சப்புன்னு இருக்கு, சப்புன்னு இருக்குன்னு சொன்னது யாரு? ஒங்களுக்காகத்தான் அள்ளி அள்ளிப் போட்டேன். நானும் புள்ளையும் தண்ணியக் குடிச்சே வயித்த ரொப்பிக்கிட்டு இருக்கோம்!"

அன்றைக்கு நான் தலையைத் தூக்கவில்லை. மறுநாள் உப்பைக் குறைத்து ஆக்கினாள். அது ஆபத்தாக முடிந்தது. எவ்வளவு தின்றாலும் போதவில்லை. ஏழு ரொட்டி தின்றுவிட்டு எட்டாவது எங்கே என்று பார்ப்பேன். கார்த்திகை பிறக்கும் முன்னே, துரைக்குக் கடிதம் நீட்டும்போது என் காக்கிக் கோட்டின் நடுப் பித்தான் தெறித்து அவர் மேசையில் போய் விழுந்தது. துரை அதை எடுத்து, கடிதங்களைப் போலவே திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார்.

இதுவரைக்கும் சிரிப்புதான். மூன்றாவது வாரம் இருமல் ஆரம்பித்தது.

பீடி குடித்த காலத்தில் காலையில் நாலு இருமல் இருமுவேன், அவ்வளவுதான். இப்போது அடி வயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. சளி கறுப்புக் கறுப்பாக, தேத்தண்ணிச் சாயம் மாதிரி. பீடியை விட்ட பிறகு இருமல் கூடுமா? கூடாதே! அப்படியானால் இது வேறு நோய். லயத்தில் சொல்லாமல் சொன்னார்கள், சயரோகம் என்று. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் தன் பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கம் விடவில்லை. நானே என் மகளைத் தூக்குவதை நிறுத்தினேன். அவள் கையை நீட்டிக்கொண்டு வருவாள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

ஒரு நாள் மூன்றாவது வளைவில் ரோட்டு வேலைக்காரர் ஒருவர் பீடி நீட்டினார். வாங்கி உதட்டில்கூட வைத்துவிட்டேன். எப்படியும் சாகப் போகிறவன், ஒன்று குடித்தால் என்ன? அவர் நெருப்புக் குச்சியைக் கிழித்தார். மகள் ரொட்டி கேட்ட முகம் ஞாபகம் வந்தது. பீடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தேன். என் உயிரை எடுத்துக்கொண்டாலும் சாமி அவளை விட்டுவிடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அவர் பேசாததில்தான் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாவதற்குத் தயாரானேன். மனதில் ஒரு பாரம் இருந்தது. என் மனைவியின் அண்ணன், என் மச்சான், அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தார். எங்களுக்குள் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அவருடைய சேவல் ஒன்று காணாமல் போனது. என் மேல் சந்தேகமாக இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டார். "என்னையா சந்தேகப்பட்டீங்க?" என்று நான் லயமே அதிரக் கத்தினேன். அவர் இரண்டு தடவை வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார். சாக்கில் படுத்திருந்த என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மச்சான், ஒங்க சேவலை நாந்தான் அடிச்சுத் தின்னேன்."

உண்மைதான். அந்தச் சேவல் தினமும் என் போஞ்சிப் பாத்தியைக் கிளறும். விரட்டத்தான் கல்லை எறிந்தேன். என் ஆயுசில் ஒரு கல்கூடக் குறி தப்பாமல் விழுந்ததில்லை, அன்றைக்கு விழுந்தது. செத்ததை வீணாக்குவானேன் என்று உரித்துக் கொண்டுவந்து, பதுளைச் சந்தையில் வாங்கியது என்று மனைவியிடம் கொடுத்தேன்.

மச்சான் பேசுவதற்கு முன்னால் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் ஆக்குனது எங்கண்ணன் கோழியா?"

மச்சான் அவளைக் கையைக் காட்டி அடக்கினார். "விடு தங்கச்சி. கோழி என்ன, மனுசனை விடப் பெருசா? அது கெழட்டுச் சேவல்தான் மாப்ளே, எப்பிடியும் செத்திருக்கும். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத." சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். மூவரும் அழுதோம். மறுநாள் அவரே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, என்னைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். சளியையும் வாங்கிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"பீடி பத்திறனீரோ?"

"விட்டுட்டேங்க ஐயா. மூணு வாரமாச்சு."

"மேட்டில ஏறேக்க முந்தியைப் போலக் களைக்குதோ?"

யோசித்துப் பார்த்தேன். "இப்ப ரெண்டு எடத்துல தாங்க உக்காருறேன்."

"முந்தி?"

"ஏழு எடமுங்க."

அவர் படத்தைக் கீழே வைத்தார். "சாகப் போற ஆள் இப்பிடியோ ஏறுறது? உமக்கு ஒரு வருத்தமும் இல்லை, சயரோகமும் இல்லை. இவ்வளவு காலமும் உள்ளுக்குக் கிடந்த ஊத்தை இப்பதான் வெளியில வருகுது. இன்னும் கொஞ்ச நாளைக்கு இருமும், பிறகு தானா நிண்டுபோம். ஒண்டுக்கும் பயப்பிடாதையும்."

சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். அந்தக் கையில் சிகரெட் வாசம் அடித்தது. என் மூக்குக்கு அப்போது எதுவும் தப்பாது. நான் முகர்ந்ததை அவரும் கண்டுவிட்டார் போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மச்சான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. நிஜமான சந்தோஷம். அப்புறம் அது மெள்ள மெள்ள வேறு ஏதோவாக மாறியது.

"அப்ப நீ சாவ மாட்ட?" என்றார்.

பஸ்ஸில் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே ரோட்டில் இறங்கிக் குறுக்குப் பாதையில் காலை வைத்ததும்தான் ஆரம்பித்தார்.

"நாலு வருசம். நாலு வருசமா மரநாய்தான் சேவலைத் தூக்கிட்டுப் போச்சுன்னு அதைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

"மச்சான்..."

"ரெண்டு தரம் ஒன் வாசல்ல வந்து மன்னிப்புக் கேட்டேன்ல? வயித்துல எஞ்சேவலை வச்சுக்கிட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்ட?"

கையில் இருந்த குடையை மடக்கினார். நான் ஓடினேன்.

முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. பின்னால் வசவு கேட்டுக்கொண்டே இருந்தது. நாலாவதில் வசவு தேய்ந்தது. ஐந்தாவதில் ஒன்றும் கேட்கவில்லை. பயத்தில் நிற்காமல் ஏழாவது வளைவு வரை ஏறிவிட்டேன். நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நான் உட்காரவே இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் மூச்சு கைக்குள் இருந்தது. கீழே ஸ்டோர் கூரையும், மழையில் கழுவின தேயிலையும், தூரத்தில் பதுளையும் தெரிந்தன. அங்கே நின்று சும்மா மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பதினைந்து வயதுக்கு அப்புறம் அப்படி விட்டதில்லை.

மச்சான் மட்டும் வரவில்லை. பயந்துபோய் இறங்கினேன். நாலாவது வளைவில் கல் மேல் உட்கார்ந்து, குடையை மடியில் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் நான் உட்கார்ந்த அதே மாதிரி. அடிக்கட்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடிக்க அவரிடம் மூச்சு இல்லை.

"தப்புத்தான் மச்சான்," என்றேன். "தின்னதை விட, ஒங்க கிட்டக் கோவிச்சுக்கிட்ட மாதிரி நடிச்சேன் பாருங்க, அதுதான் பெரிய தப்பு."

அவர் குடையைக் கீழே வைத்தார். மடியிலிருந்து பீடிக் கட்டை எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் மடியில் வைத்தார்.

"எப்பிடிய்யா ஓடுன?" என்று கேட்டார். அப்புறம் சந்தேகமாக, "எந்தங்கச்சி எனக்கும் எதுவும் நேந்து வச்சிருக்காளோ?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பு இருமலாக மாறியது, என்னுடையதும்தான். தோளில் கை போட்டு அவரை மேலே ஏற்றிக் கொண்டுவந்தேன். லயத்து வாசலில் மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தூக்கிக்கொண்டேன்.

மச்சான் உடனே பீடியை விட்டார் என்று சொன்னால் பொய். இன்னும் இரண்டு வருஷம் குடித்துவிட்டுத்தான் விட்டார். விட்ட மூன்றாவது வாரம் இருமிக்கொண்டே என் வாசலுக்கு வந்து, "இது அதுதானே?" என்று கேட்டார். அதுதான் என்றேன்.

இன்றைக்கும் யாராவது புகையை விட்டுவிட்டு, இருமல் கூடிப்போச்சே, செத்துவிடுவேனோ என்று பயந்து வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், அநேகமாக ஒன்றும் இருக்காது என்றுதான் சொல்வேன். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டியது ஏதாவது மனதில் கிடந்தால், டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் நல்ல சேதி சொன்ன பிறகு நமக்கு அந்தத் தைரியம் வராது.