வாசலில் நின்ற வெஸல்

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். கவுன்சில், வங்கி, டாக்டர், கார் இன்சூரன்ஸ் எதுவானாலும் நான்தான் பிரிப்பேன், நான்தான் படிப்பேன், நான்தான் பதில் எழுதி ஒரு நகலை ஃபைலில் போடுவேன். என் கணவருக்கு ஆங்கிலம் வராது என்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லண்டனில் கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஆனால் கல்யாணமான புதிதில் ஒரு நாள், "எழுத்து வேலையிலை நீர்தான் கெட்டி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். திருச்சிக்காரியிடம் அப்படி ஒரு வார்த்தை கொடுக்கலாமா? அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் அதிகாரம் பண்ணினேன். அந்த அதிகாரம்தான் கடைசியில் என்னைக் குப்புறத் தள்ளியது.

கம்பெனி தன் அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றியபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. கூடப் போக முடியாதவர்களை அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எட்டு மாதம் அவர் சோபாவின் ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடும், பார்க்க மாட்டார். சாப்பிட்டீங்களா என்றால் "ஓம்" என்பார், சமையலறையில் போட்டது போட்டபடி மூடியிருக்கும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "அதிக நேரம் இவரைத் தனியாக விடாதீர்கள்" என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் அக்காவிடம்கூட. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

பிப்ரவரியில் ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், ட்ரெய்லர் மேல் ஒரு படகு. பதினாலு அடி நீளம், ஃபைபர் உடம்பு, வயிற்றில் ஓட்டை. எஸெக்ஸில் யாரோ வேண்டாம் என்று போட்டதை விளம்பரத்தில் பார்த்து வாங்கிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சமையலறை ஜன்னலில் வெளிச்சமே இல்லாமல் அடித்துவிட்டது. அக்காவுக்கு ஃபோன் போட்டு, "வாசலை அடைச்சுக்கிட்டு எருமை மாதிரி படுத்திருக்கு" என்று திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் எழுந்து முகம் கழுவினார். முகமூடி போட்டுக்கொண்டு, உப்புத்தாளை எடுத்து, அந்தப் படகைத் தேய்க்க ஆரம்பித்தார். மத்தியானம் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். அன்று மாலை, "இஞ்சை பாரும், உள்ளுக்கை மரம் உக்கேல்லை" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அழுகாமல் இருந்த மரத்தைக் காட்டினார். எட்டு மாதத்தில் அவராக என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். எருமையோ யானையோ, அது என் வாசலில் படுத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள். எல்லாவற்றையும் நிர்வாகம் செய்ய ஒரு கம்பெனி, அதற்கு மேல் குடியிருப்பவர்களே சேர்ந்த ஒரு கமிட்டி. வீடு வாங்கும்போது தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். எல்லாக் காகிதத்தையும் படிக்கும் நான் அதை மட்டும் படிக்கவில்லை. அவர்களிடமிருந்து அதுவரை எனக்கு ஒரு கடிதம்தான் வந்திருந்தது. பொங்கலன்று வாசலில் நான் போட்ட கோலம், பொது நடைபாதையில் அனுமதியில்லாமல் வரைந்த குறியாம். அந்தக் கடிதம் படித்த நாளிலிருந்து அவர்கள் பேரில் எனக்குப் பல்லைக் கடிக்கிற கோபம் இருந்தது.

சித்திரை வருடப் பிறப்புக்கு நாற்பது பேரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். அவர் மனிதர்களைப் பார்க்கத் தயாராக இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் நான்தான் ஏற்பாடு செய்தேன். கோயிலிலிருந்து பெரிய அண்டா ஒன்றும் இரண்டு குண்டான்களும் இரவல் வாங்கினோம். அவர் அண்டாவைக் கிடாரம் என்பார், அதில் எங்களுக்குள் ஒரு செல்லச் சண்டை. சமையலறைத் தொட்டியில் அது அடங்காது. வாசலில் வைத்து ஹோஸ் பைப்பால் கழுவி, படகுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்துக் காயவைத்தேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. பிறகு கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

கொடுத்த மறுநாள் நிர்வாகக் கம்பெனியின் கடிதம் வந்தது. "உங்கள் வீட்டு முன்புறத்தில் வைக்கப்பட்டிருக்கும் வெஸல் குடியிருப்பு விதிகளுக்குப் புறம்பானது, இருபத்தெட்டு நாளில் அகற்றவும்."

இங்கேதான் என் தலையெழுத்து. எங்கள் ஊரில் நான் படித்த கான்வென்டிலும் சரி, ஹாஸ்டலிலும் சரி, வெஸல் என்றால் பாத்திரம். வெஸல் கழுவணும், வெஸல் தேய்க்க ஆள் வரலை, கல்யாணத்துக்கு வெஸல் வாடகைக்கு எடுக்கணும். வேறு அர்த்தம் அந்த வார்த்தைக்கு உண்டு என்று எங்கோ மூளையின் மூலையில் தெரிந்திருக்கும், ஆனால் அன்று அது எழுந்து வரவில்லை. வீட்டில் நான் படகை போட் என்பேன், அவர் வள்ளம் என்பார். கோலம் போனது, இப்போது பாத்திரத்துக்கும் வந்துவிட்டார்களா என்று எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து பதில் எழுதினேன்.

கோபத்தில் எழுதினாலும் மரியாதையாக எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம். அந்த வெஸல் எங்களுடையதல்ல என்றேன். ஒரு தேவைக்காக இரவல் வாங்கி வைத்தது, திருப்பி அனுப்பிவிட்டோம். அதை வாசலில் வைப்பதில் எனக்கே விருப்பமில்லை, அக்கம்பக்கத்தாருக்கு முன் கூச்சமாகத்தான் இருந்தது. இனி ஒருபோதும் அது எங்கள் வீட்டு முன் நிற்காது. கடைசி வரியைக் கொஞ்சம் குத்தலாகவே எழுதினேன். அனுப்பிவிட்டு நகலை ஃபைலில் போட்டேன். ஒரு வாரத்தில், உறுதிமொழிக்கு நன்றி என்று பதில் வந்தது. பார்த்தாயா, எப்படி அடக்கினேன் என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

மே மாதம் பாதியில் அவர் படகைத் தேய்ப்பதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "மழை வரும் போல கிடக்கு" என்றார். வானம் பளிச்சென்று இருந்தது. மறுநாள், கை நோகிறது என்றார். அதற்கடுத்த நாள் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிறு கட்டிவிட்டு, சோபாவின் அந்தப் பழைய மூலையில் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரமே நிர்வாகத்திடமிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்தது. இந்த முறை கூடவே ஒரு புகைப்படம். தார்ப்பாய் போட்ட படகு, பின்னால் எங்கள் வீட்டுக் கதவு. அகற்றிவிட்டதாக எழுத்தில் உறுதி அளித்த பிறகும் வெஸல் அதே இடத்தில் இருக்கிறது, தவறான தகவல் கொடுத்திருக்கிறீர்கள், வழக்கறிஞரிடம் போகும் முன் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து விளக்கம் சொல்லுங்கள். புகைப்படத்தைப் பார்த்தேன், வெஸல் என்ற வார்த்தையைப் பார்த்தேன், மறுபடி புகைப்படத்தைப் பார்த்தேன். கப்பலும் படகும்கூட ஆங்கிலத்தில் வெஸல்தான். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரைச் சோபாவிலிருந்து எழுப்பிய ஒரே பொருளை வேண்டாம் என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. இருக்கிற நிலையில் இதையும் சொன்னால் என்ன ஆவார் என்று பயந்தேன். கடிதத்தை அலுவலகப் பையில் ஒளித்துக்கொண்டு இரண்டு வாரம் திரிந்தேன். தினமும் மத்தியானம் அவருக்கு ஃபோன் போடுவேன், நான்காவது மணியில் எடுப்பார். ஒரு நாள் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஐந்து முறை போட்டேன். அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று கதவைத் திறந்து மூடுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கோலியர்ஸ் வுட்டில் இறங்கி, நாற்பத்தொன்பது வயதில், கைப்பை அடிக்க அடிக்க ஓடினேன்.

சோபாவில் அவர் இல்லை. மாடியில் இல்லை. குளியலறைக் கதவைத் தோளால் மோதித் திறந்தேன், அங்கேயும் இல்லை. கடைசியில் வாசலுக்கு வந்து தார்ப்பாயைத் தூக்கினேன். படகுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க? ஃபோன் அடிச்சேனே!"

"உள்ளை வைச்சிட்டன். சும்மா இருந்தனான். நீர் ஏன் வேளைக்கே வந்தனீர்?"

தலைவலி என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார், பிறகு கண்ணை விலக்கிக்கொண்டார். அவர் மேல் விழுந்து அழ வேண்டும் போல இருந்தது. அழாமல் காபி போடப் போனேன்.

கூட்டம் ஜூன் முதல் வாரம். அவருக்குத் தெரியாமல் போய் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கூட்டத்துக்கான விஷயங்களைப் போட்டுவிட்டார்கள், இரண்டாவது வரியில் எங்கள் வீட்டு எண். நான் செருப்புப் போடும்போது அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வாறன்."

"உங்களுக்கு எதுக்கு? நான் பேசிக்கிறேன்."

"இல்லை. வாறன்."

பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் கூட்டம். கமிட்டியில் ஆறு பேர். தலைவர் ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குறிப்பு எழுதுபவர் மலேசியத் தமிழர், நான்கு வீடு தள்ளி இருப்பவர், பார்த்தால் தலையாட்டும் பழக்கம். எங்கள் முறை வந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதிய பதிலை முழுவதும் நிதானமாக வாசித்தார். எங்களுடையதல்ல, எனக்கே விருப்பமில்லை, கூச்சமாக இருந்தது, இனி ஒருபோதும் நிற்காது. ஒவ்வொரு வரிக்கும் நான் நாற்காலியில் குறுகினேன். முடித்துவிட்டு, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் எழுந்துவிட்டார். தெளிவான ஆங்கிலத்தில், கம்பெனி மீட்டிங்கில் பேசுபவர் போலப் பேசினார். என் மனைவி எழுதியது சரிதான், அவருக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரியும், வாங்க ஒரு ஆள் பார்த்துவிட்டேன், சனிக்கிழமை வந்து எடுத்துப் போய்விடுவார், தாமதத்துக்கு மன்னியுங்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் எழுதிய பதிலை அவர் முன்பே படித்திருக்கிறார். கப்பல் கம்பெனியில் இருபது வருடம் வெஸல் எப்போது வரும், எப்போது போகும் என்று எழுதிய மனிதர் அதைப் படகென்றே படித்திருக்கிறார். எந்தச் சபையில் இருக்கிறேன் என்பதே மறந்து கத்தினேன்.

"ஐயோ, நான் அண்டாவைச் சொன்னேங்க! கோயில் அண்டா!"

மலேசியக்காரர் பேனாவை வைத்தார்.

"அக்கா, நீங்க சட்டிபானையவா சொன்னீங்க?"

"ஆமா தம்பி. நாங்க வெஸல்னா அதைத்தானே சொல்வோம்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். தலைவர் என் கடிதத்தை மறுபடி எடுத்து, படகு இருந்த இடத்தில் பானையை வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள். விதி விதிதான், வாசலில் படகு நிற்கக் கூடாது. ஆனால் நாங்கள் பொய் சொல்லவில்லை என்று ஏற்றுக்கொள்கிறார்கள், வழக்கறிஞர் வேண்டாம், வேலை முடித்து வேறு இடம் பார்க்க செப்டம்பர் கடைசி வரை தவணை. அறையில் சிரிக்காமல் இருந்தவர் என் கணவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு நடந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். எப்போது படித்தீர்கள், ஏன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்குமே. ட்ரெய்லர் இன்சூரன்ஸ் தேடி ஃபைலைத் திறந்ததாகச் சொன்னார். வீட்டு வாசலில், படகுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். தார்ப்பாயைப் பார்த்தபடி பேசினார்.

"நீர் கிடாரத்தைப் பற்றித்தான் எழுதினனீர் எண்டு இப்ப விளங்குது. ஆனா அப்ப வாசிக்கேக்க, இரவல் எண்டது அவையைச் சமாளிக்கச் சொன்ன கதை எண்டு நினைச்சன். மற்ற ஒரு வரியும் எனக்குப் பிழையாத் தெரியேல்லை. எல்லாம் நீர் சொல்லுற மாதிரித்தான் இருந்தது."

அக்காவிடம் எருமை என்று சொன்னவள் நான்தான். இருண்ட சமையலறை ஜன்னலைப் பார்த்துத் தினமும் முகம் சுளித்தவள் நான்தான். பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது அந்த வரிகள் ஏன் அவ்வளவு வேகமாக வந்தன என்று அந்த நிமிடம் எனக்கே தெரிந்தது.

"அப்ப இப்ப சொல்லும்" என்றார். "இங்கிலீசிலை வேண்டாம், கடிதமும் வேண்டாம். இது வேணுமோ, வேண்டாமோ?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

"எனக்கு இதைப் பிடிக்கலைங்க. முதல் நாள்லேருந்தே பிடிக்கலை. ஆனா இது போனா நீங்களும் போயிடுவீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு. தினமும் பயமா இருக்கு. இது போகக் கூடாது."

டாக்டர் சொன்னதை அதன் பிறகு சொன்னேன். வாசலில் நின்றே சொன்னேன், அக்கம்பக்கம் பார்க்கப் பார்க்க அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார், அந்தக் கை கனமாக இருந்தது.

"சனிக்கிழமை வாறவனுக்கு இப்ப என்ன சொல்லுறது?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் வேணும்னா ஒரு மெசேஜ் எழுதட்டுமா?" என்றேன்.

"ஐயோ, நீர் ஒண்டும் எழுத வேண்டாம்" என்றார். "ஃபோனைத் தாரும். நான் கதைக்கிறன்."