கோட்டைக்காரியின் கான்

மழையின் முதல் துளி தகரத்தில் விழுந்ததும் கஹவத்தைக் கடைத்தெருப் பெண்கள் கொடியில் காயும் துணிகளை எடுக்க ஓடுவார்கள். உம்மு குல்தூம் மட்டும் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும் கம்பை எடுத்துக்கொண்டு தெருவோரச் சாக்கடைக் கானுக்குப் போவாள். அடைத்திருக்கும் பைகளையும் இலைகளையும் குத்தி விலக்கிய பிறகுதான் அவளுக்குத் துணி ஞாபகம் வரும். இருபத்தெட்டு வருஷமாக இதே வழக்கம். ஆணியும் பெயிண்டும் விற்கும் அவள் கணவர் இன்ஷாப், துணி நனைகிறது என்று கடைக்குள்ளிருந்தே சொல்லிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அவள் பிறந்தது தெற்குக் கடற்கரையில், காலி நகரத்துக் கோட்டைக்குள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தெருவில் அவளுக்குக் கோட்டைக்காரி என்றுதான் பெயர். கடைகளில் ஆள் குறைந்த மத்தியானங்களில், பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் பஸ்லியாவுக்கும் எதிர்ப்புறத்து வளையல் கடைப் புஷ்பவதிக்கும் கோட்டையின் கதையைச் சொல்லுவாள். துறைமுகத்தைக் காக்கப் போர்த்துக்கேயர் சின்னதாகத் தொடங்கியது, ஒல்லாந்தர் கருங்கல்லால் சுற்றி வளைத்தது, ஆங்கிலேயர் சண்டையே இல்லாமல் வாங்கிக்கொண்டது, பழைய வாசலில் செதுக்கியிருக்கும் சேவல் என்று ஒன்றையும் விடமாட்டாள்.

எல்லாவற்றையும் அவர்கள் நம்பினார்கள், ஒன்றைத் தவிர. ஒல்லாந்தர் தெருக்களுக்குக் கீழே கான் வெட்டினார்கள், கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து ஊரையே கழுவிக்கொண்டு போகும் என்று அவள் சொல்லும்போது மட்டும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"கடலே வந்து கான் கழுவிட்டுப் போகுதா? அப்ப நம்ம ஊருக்கும் ஒரு கடல் அனுப்பச் சொல்லுங்க அக்கா" என்பாள் புஷ்பவதி.

உம்மு குல்தூமும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. அந்தக் கானை அவளும் கண்டதில்லை. வாப்பா சொல்லக் கேட்டதுதான். வாப்பாவும் உம்மாவும் போன பிறகு அந்தப் பக்கம் போகவும் வேலை இல்லாமல் போயிற்று.

இந்த வருஷம் கடைத்தெருப் பெண்களின் சுற்றுலா காலிக்கு என்று முடிவாயிற்று. பஸ் புறப்பட்டதுமே பஸ்லியா எழுந்து நின்று, பீரங்கியெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் கான் என்று அறிவித்தாள். பஸ்ஸே கைதட்டியது. உம்மு குல்தூம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கான் இல்லையென்றால், இத்தனை வருஷம் சொன்ன எல்லாமே பொய் என்றாகிவிடும்.

கோட்டையின் பழைய வாசலில் சேவல் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அவள் பிறந்த தெருவுக்கு வந்தபோது, அவர்களுடைய வீடு கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டலாகியிருந்தது. தெரு முழுக்கப் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். கானைக் காணவில்லை. தெருக் கூட்டிக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டாள். கான் கீழேதான் இருக்கிறது, கடல் வந்து கழுவும் என்று பெரியவர்கள் சொல்லக் கேள்வி என்றார் அவர். பிறகு விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டி, இப்போது கடல் வருவதில்லை, நாங்கள்தான் வருகிறோம் என்றார்.

"கடலுக்குக் காக்கிச் சட்டை மாட்டிட்டாங்க போல" என்றாள் புஷ்பவதி. சிரிப்பு அடங்கவே இல்லை.

அப்போதுதான் மழை கொட்டியது.

கஹவத்தையில் மழை என்றால் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். ஆகையால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இருபத்துமூன்று பெண்களும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள், சேலையையும் அபாயாவையும் தூக்கிப் பிடித்தார்கள், ஹோட்டல் கூரைக்குக் கீழே வரிசையாக நின்று தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. வானம் பிளந்து ஊற்றுகிறது, தெருவில் ஒரு விரல் ஆழம்கூட நிற்கவில்லை.

பக்கத்தில் ஒதுங்கியிருந்த காக்கிச் சட்டைக்காரர், செருப்பை ஏன் கையில் வைத்திருக்கிறீர்கள், இங்கே கும்பிடப் போகிறீர்களா என்று கேட்டார். முதலில் சிரித்தது உம்மு குல்தூம்தான். பஸ்லியா மழையில் இறங்கி, கல்லுக்கு நடுவே இருந்த கம்பி மூடியருகே குந்தினாள்.

"தாத்தா, கீழ ஓடுது" என்றாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் உம்மு குல்தூமைக் கோட்டைக்காரி என்று சொல்லாமல் அப்படி அழைத்தது அன்றுதான்.

ஒவ்வொருத்தியாகப் போய்க் காது வைத்துக் கேட்டார்கள். இருட்டுக்குள் தண்ணீர் இரைந்துகொண்டு கடல் பக்கம் ஓடியது. புஷ்பவதி கடைசியாக எழுந்தாள்.

"கடல் வருதோ இல்லியோ, கான் இருக்குங்க அக்கா" என்றாள்.

கஹவத்தைக் கடைத்தெருவின் கான் இன்னும் அடைத்துக்கொள்ளத்தான் செய்கிறது. மழை பிடித்தால் இப்போது மூன்று பெண்கள் கம்போடு இறங்குகிறார்கள். மூன்று வீட்டுத் துணியும் நனைகிறது.