எந்தக் கைக்கு உறை?

மாதம் ஒருமுறை கோப்பெங் பக்கம் மலையேறும் எங்கள் கூட்டத்தில் என்னிடம்தான் உருப்படியான கத்தி இருந்தது. மடக்குக் கத்தி இல்லை, நுனியிலிருந்து பிடி வரை ஒரே இரும்பு. அதைக் கொண்டு நான் இதுவரை வீழ்த்திய எதிரிகள், சில மெகி பொட்டலங்களும் ஒரு பப்பாளியும். அப்பேர்ப்பட்ட ஆயுதம் கடைக்காரன் கொடுத்த நைலான் பையில் கிடக்கலாமா? சிம்பாங் பூலாயில் தோல் வேலை செய்யும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் உறை தைக்கக் கொடுத்தேன்.

எருமைத் தோலா, மாட்டுத் தோலா? காப்பி நிறமா, கறுப்பா? நூலின் நிறத்துக்கு மட்டும் அரை மணி நேரம் யோசித்தேன். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. கடைசியாக, "எந்தக் கைண்ணே?" என்று கேட்டார்.

"வலதுதான்" என்றேன் பட்டென்று.

நான் பிறவி இடக்கைக்காரன். சாப்பாட்டையும் எழுத்தையும் அம்மா அகப்பைக் காம்பால் அடித்து வலது கைக்கு மாற்றினார். கத்தியும் சுத்தியலும் அவர் கண்ணில் படாமல் இடது கையிலேயே தங்கிவிட்டன. ஆனால் வெளியாள் கேட்டால் பீச்சாங்கை என்று ஒப்புக்கொள்ள இன்னும் வாய் வராது. என் ஏழு வயது மகளுக்கும் அதே கை. அவள் இடது கையில் பென்சிலை எடுத்தால் "கை!" என்று ஓர் அதட்டல் போடுவேன். அகப்பையெல்லாம் கிடையாது, நாங்கள் படித்தவர்கள்.

உறை வந்தது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வலது இடுப்பில் மாட்டினால் இடக்கை தொப்பையைச் சுற்றிப் பயணம் போகவேண்டியிருந்தது. இடது இடுப்புக்கு மாற்றி உருவினேன். கத்தியின் கூர்ப்பக்கம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. மறுநாளே திரும்பப் போனேன்.

"உருவிக் காட்டுங்கண்ணே" என்றார். காட்டினேன். சிரித்துவிட்டார்.

"நான் எந்தக் கைன்னுதானே கேட்டேன்? எது நல்ல கைன்னு கேக்கலையேலா. எங்க வீட்டுலயும் இடக்கையை நீட்டினா அடிதான், ஆனா கத்திக்கு மரியாதையெல்லாம் தெரியாது. விடுங்க, வேற தச்சுத் தாரேன்."

இரண்டாவது உறை வந்த அன்று, வீட்டு ஹாலில் நின்று இடக்கையால் உருவிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலை மேசையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, கை!"

அச்சு அசல் என் அதட்டல். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கத்தியை உறையில் போட்டேன். மேசையில் கிடந்த அவள் பென்சிலை எடுத்து அவளுடைய இடக்கைப் பக்கமாக நீட்டினேன்.

"புடிச்ச கையில எழுதும்மா. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டிப் பென்சிலை வாங்கிக்கொண்டாள்.