கேஸ்ட்ரிக் என்று சொன்னேன்

அவர் கையை நெஞ்சில் வைத்திருந்த விதம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. விரல்களை விரித்துத் தடவவில்லை. முஷ்டியாக மடக்கி, நடு மார்பில் அழுத்திக்கொண்டு நின்றார். நீலக் கட்டம் போட்ட சட்டை கழுத்தருகே வியர்வையில் கறுத்திருந்தது. அப்போது அவசரப் பிரிவில் தாதியாக எனக்குப் பதினாறு வருட அனுபவம். அப்படி ஒரு கையைப் பார்த்தால் என்ன நினைக்க வேண்டும் என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கை என் கண்ணில் பட்டது. பட்டதோடு சரி.

எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் ஒன்று. காலை ஒன்பதரை மணி இருக்கும். வருகிறவர்களை முதலில் விசாரித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்துக்கேற்பப் பிரித்து அனுப்பும் கவுண்டரில் ஒரு மலாய்த் தாதி உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். நான் மஞ்சள் பகுதியிலிருந்து ரத்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அவர் அவளிடம் “டாடா பானாஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சு சூடு என்று அர்த்தம். அவள் காய்ச்சல் என்று நினைத்து வெப்பம் பார்த்தாள், இல்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டுகிறவர் அவர். மலாய் நன்றாகவே வரும். நாள் முழுக்க அதில்தான் பேச்சு. ஆனால் உடம்புக்குள் நடப்பதைச் சொல்ல வரும்போது ஆளுக்குத் தாய்மொழிதான் கைகொடுக்கிறது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என் நெற்றியில் பொட்டு, சட்டையில் தமிழ்ப் பெயர். தாதிகளை மிஸ்ஸி என்றுதான் இங்கே கூப்பிடுவார்கள்.

“மிஸ்ஸி, கொஞ்சம் சொல்லுங்க மிஸ்ஸி. காலையிலேர்ந்து நெஞ்சு கரிக்குது. நேத்து சாப்பாடு சரியில்ல, காத்தா இருக்கும். தாடை வேற இழுத்துப் புடிக்குது, பல்லு வலி மாதிரி.”

கவுண்டரில் இருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “காக், டியா சாக்காப் ஆப்பா?” அக்கா, அவர் என்ன சொல்கிறார்?

“கேஸ்ட்ரிக் லா,” என்றேன்.

அவ்வளவுதான். நின்றுகூடச் சொல்லவில்லை, நடந்துகொண்டே சொன்னேன். கரிக்குது என்ற சொல்லும் காத்து என்ற சொல்லும் என் காதில் விழுந்தன. மீதியை நான் முடித்துக்கொண்டேன். தாடையை விட்டுவிட்டேன். அது அவருக்கே முக்கியமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. “தேங்க்ஸ் மிஸ்ஸி” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் திரும்பவில்லை. அவருக்கு அவசரமில்லாதவர்களுக்கான பச்சை அட்டை கொடுத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து, காத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு பெண் அலறினாள். நாங்கள் நான்கைந்து பேர் ஓடினோம். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். மார்பை அழுத்த மண்டியிட்டபோதுதான் நீலக் கட்டத்தைப் பார்த்தேன். முறை மாற்றி மாற்றி அழுத்தினோம். என் முறை வந்த ஒவ்வொரு தடவையும், என் உள்ளங்கைக்கு அடியில் அந்த முஷ்டி இருந்த இடம்தான் இருந்தது. பிழைக்கவில்லை.

பதினொன்றரைக்கு அவர் மனைவி கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தார். உறவினரிடம் பேசுவதற்கென்று இருக்கும் சின்ன அறையில் டாக்டர், அவர் மனைவி, நான். தமிழ் தெரிந்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடுமையான மாரடைப்பு, இதயம் நின்றுவிட்டது, எவ்வளவோ முயன்றோம், இறந்துவிட்டார் என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?”

டாக்டரிடம் கேட்டேன். தங்களிடம் கொண்டுவரும்போதே நினைவில்லை என்றார் அவர். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. “எங்ககிட்ட கொண்டு வரும்போதே நெனவு இல்லன்னு சொல்றாரு” என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே, பிசகில்லாமல். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப்பெரிய பொய் அதுதான்.

பிறகு விசாரணை வந்தது. மேல்வயிற்றில் எரிச்சல், வாயுத் தொல்லை என்று படிவத்தில் இருந்தது கவுண்டரில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பெண்ணின் கையெழுத்து. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு ஏன் இ.சி.ஜி. எடுக்கவில்லை என்று அவளைத்தான் கேட்டார்கள். என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவளும் என்னைச் சொல்லவில்லை. தானும் அவர் கையைப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்டது. இரண்டு வாரம் நான் பேசாமல் இருந்தேன். என்ன காரணம் சொல்லிக்கொண்டேன் என்பது இப்போது நினைவில்லை. நல்ல காரணங்கள்தான், எல்லாமே.

அந்த அம்மா திரும்ப வந்தார். முதல் முறை பதிவு அறையில் கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் முறை யாரோ வேறொரு மாடிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் முறை வந்தபோது நானே வெளியே போய், கேண்டீனுக்குக் கூட்டிச் சென்றேன்.

“நெனவில்லாம வந்தாருன்னு சொன்னீங்க, மிஸ்ஸி. ஆனா அவரு கூட்டாளிதான் வாசல்ல எறக்கிவிட்டாராம். தானா நடந்து உள்ள போனாருன்னு சொல்றாரு. நடந்து போன மனுசன் யாருகிட்டயாச்சும் பேசியிருப்பாருல்ல?”

அவர் கேட்டது அவ்வளவு சாதாரணமான கேள்வி. ஆஸ்பத்திரியில் அத்தனை பேரில் ஒருவரும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளாதது.

“எங்கிட்டதான் பேசுனாரு, அக்கா.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீரைத் தொடவே இல்லை.

“தாடை இழுக்குதுன்னு சொன்னாரா?”

“சொன்னாரு.”

“நீங்க அத சொல்லல.”

“சொல்லல.”

“சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா?”

“தெரியாது, அக்கா. உடனே உள்ள கொண்டு போய் இ.சி.ஜி. எடுத்திருப்பாங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

கத்துவார், என்னை அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “தமிழ் மிஸ்ஸி இருக்காங்க, இனிமே பயமில்லன்னு நெனச்சிருப்பாரு” என்றார். எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை, நடந்ததை எழுதி மேலிடத்தில் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குள் அந்தச் சின்னப் பெண் வேலையை விட்டுவிட்டாள். சுபாங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் சேர்ந்திருந்தாள். அங்கே போய் மன்னிப்புக் கேட்டேன். தினமும் காலையில் நீங்கள் பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், காக், என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். பிறகு, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று உள்ளே போனாள். உண்மையிலேயே காத்திருந்தார்கள்.

இப்போது புதுத் தாதிகளுக்கு நோயாளிகளிடம் பேசுவது பற்றி வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், எளிய சொற்களில் பேசுங்கள் என்று திரையில் வரிகள் ஓடும். நான் அதை நிறுத்திவிட்டு இந்தக் கதையைச் சொல்வேன். இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவருக்கு எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. சாப்பாடு, காத்து, பல்லு, எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். யாராவது ஒருத்தி அந்த அம்மா மன்னித்தாரா என்று கேட்பாள். இல்லை என்பேன்.

போன தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் அவரைப் பார்த்தேன். சேலைக் கடைகளின் வரிசையில், நடைபாதைக் கூட்டத்தில், கல்லூரி வயதில் மகள் ஒருத்தியோடு. நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“அப்பாகிட்ட கடைசியா பேசுனவங்க இவங்கதான்,” என்றார் மகளிடம். குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை.

அந்தப் பெண் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “ஆன்டி, அப்பா பயந்தாரா?”

இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். தாதிகள் அதைத்தான் சொல்வோம். கூட்டத்தில் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள்.

“பயந்தாரும்மா. என்னைப் பாத்ததும் பயம் போயிருச்சு.”

அவள் தலையாட்டினாள். கண் நிறைந்தது, ஆனால் முகத்தில் ஏதோ தளர்ந்ததைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. சாலையில் பச்சை விளக்கு எரிவதைக் கவனித்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் கடந்து போனார்.