அங்கிள் முழு விலை கொடுத்த நாள்

கிளேட்டன் என்ற புறநகரில் எங்கள் வீட்டின் பின்கதவுக்குப் பக்கத்தில், சுவரில் அறைந்த ஆணியொன்றில், கருநீல நிறத்தில் ஒரு தடித்த குளிர்ச்சட்டை பல வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் இரண்டு வெள்ளிப் பட்டைகள். கிட்டப் போனால் உறைந்த மீனும் மட்டைப்பெட்டியும் கலந்த ஒரு மணம் வரும். எங்கள் பின் அறையில் வாடகைக்கு இருந்த அங்கிளின் வேலைச்சட்டை அது. உறைந்த உணவுகளை அடுக்கி வைக்கும் பெரிய குளிர்க்கிடங்கொன்றில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கிழமையில் ஐந்து நாள் உறைநிலைக்குக் கீழே வேலை செய்துவிட்டு வருகிற மனிதர், மிச்ச நேரத்தில் பனிமலைக்குப் போவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவர் இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவர். கிளிநொச்சியில் மனைவியையும் மூன்று வயது மகளையும் விட்டுவிட்டு வந்தவர். கையில் இருந்தது தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம். குடும்பத்தைக் கூப்பிட முடியாது. கோயிலில் அப்பாவுக்கு அறிமுகமாகி, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர் எங்களோடு ஒன்பது வருடம் இருந்தார். தலை எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். வாசிக்கும்போது மட்டும் போடும் கண்ணாடியைக் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எந்தக் கடிதம் வந்தாலும், தண்ணீர்க் கட்டணமாக இருந்தாலும் சரி, அதன் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருக்கும் எழுத்துகளைத்தான் அவர் முதலில் வாசிப்பார். விசாக் கடிதங்களோடு மாரடித்து வந்த பழக்கம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிபந்தனையையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துத்தான் அவர் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். அதனால் அவர் பேசும் ஆங்கிலத்தில் 'வணக்கம்' குறைவாகவும் 'இதற்கு உட்பட்டு' அதிகமாகவும் இருக்கும்.

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கு முகாம் வைத்தார்கள். என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். அப்பா டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த காலம். அவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். நான் குசினிக்குள் போய், அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது வசதியாக, அங்கே நின்று அழுதேன். தேநீர் போட வந்த அங்கிளை வெங்காயத்தால் ஏமாற்ற முடியவில்லை.

"பிள்ளை ஏன் அழுறா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்தோட போகாட்டி என்ன, மலை ஓடியா போகப்போகுது? நாங்கள் போவம்."

வாசலில் நின்ற அப்பா சிரித்துவிட்டார். "தம்பி, உமக்கு விசர். அது காசுக்காரரின்ர விளையாட்டு."

"காசுக்காரர் குடுக்கிற விலை வேற அண்ணை. நாங்கள் குடுக்கப்போற விலை வேற."

அந்த வருடப் பனிக்காலம் முடிந்தது. அங்கிள் அடுத்த வருடத்துக்கான வேலையை அப்போதே தொடங்கிவிட்டார். பனிச்சறுக்கு என்றால், கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு போகும் கதிரையில் ஏறி மலைமேல் போய், அங்கிருந்து சறுக்கிக்கொண்டு கீழே வர வேண்டும். அந்தக் கதிரையில் ஏறத்தான் லிஃப்ட் டிக்கெட். ஆட்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அந்த டிக்கெட்டின் விலைதான். ஆனால் அது கத்தரிக்காய் விலை போல நாளுக்கு நாள் மாறும் என்பதை எங்கள் தெருவிலேயே முதலில் கண்டுபிடித்தவர் அங்கிளாகத்தான் இருக்க வேண்டும். ஊரெல்லாம் கடற்கரைக்குப் போகிற கோடையில், வியர்வை வழிய வழிய, அப்பாவின் கணினிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அவர் அடுத்த பனிக்காலத்து டிக்கெட் விலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சனி ஞாயிறை விட்டுச் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். முதல்முறை போகிறவர்கள் மலை முழுவதற்கும் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. கீழ்ச்சரிவுக்கு மட்டும் எடுத்தால் போதும், அதுவும் பாடத்தோடு சேர்த்து எடுத்தால் இன்னும் மலிவு. சறுக்குக் கட்டைகளையும் சப்பாத்தையும் மலைமேல் வாடகைக்கு எடுக்கக் கூடாது, அடிவாரத்து ஊரில் எடுக்க வேண்டும். படுக்கையும் அங்கேதான், வண்டிவீடுகள் நிறுத்தும் கரவன் பார்க்கில் ஒரு சின்ன மர அறை. பனி உடுப்புகளைப் பழைய சாமான் கடைகளில், யாரும் தேடாத கோடையில் தேடினார். எனக்குக் கிடைத்த காற்சட்டை ஊதா நிறம், அப்பாவுக்குக் கிடைத்தது வெளிர் ரோஸ். அப்பா அதைப் போட மாட்டேன் என்று இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருந்தார்.

கணினியில் டிக்கெட் பக்கத்தைத் திறந்ததும் அங்கிள் முதலில் என்னிடம் கேட்டது எங்களுக்கான விலையை அல்ல.

"ஆறு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு போட்டிருக்கு, பார்."

எனக்குப் பதினொரு வயது. அவசரத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அங்கிள், வீ டோன்ட் ஹாவ் எ சிக்ஸ் இயர் ஓல்ட்!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. பிறகு விலையைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "பறவாயில்லை, பாதிதான்" என்றார். அடுத்த வருடம் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கேட்டார். அதற்கடுத்த வருடம் எட்டு. நான் பிறகு கேட்காமலே சொல்லப் பழகிவிட்டேன்.

முதல் பயணத்தில் அங்கிள் விழுந்ததைப் போல நான் யாரும் விழுந்து பார்த்ததில்லை. நின்றபடியே விழுவார். விழுந்தவரைத் தூக்கப் போன ஆசிரியரையும் சேர்த்து விழுத்துவார். நான் மத்தியானத்துக்குள் தனியாகச் சறுக்கப் பழகிவிட்டேன். ரோஸ் காற்சட்டையோடு அப்பாகூட நேராக வந்தார். அங்கிள் மட்டும் பனியில் உருண்டு, கண்ணிமை எல்லாம் வெள்ளையாகி, எழும்பி, சட்டைப்பையைத் துழாவி ஃபோன் உடையவில்லை என்று பார்த்துக்கொள்வார். அந்த ஃபோனை என் கையில் தந்து, தான் சறுக்குவதை வீடியோ எடுக்கச் சொல்வார். பெரும்பாலும் அது விழுகிற வீடியோவாகத்தான் முடியும். "அழிக்காதை பிள்ளை, அப்பிடியே அனுப்பு. மகள் சிரிப்பாள்" என்பார். சில நேரம் வீடியோ அழைப்பில் நேராகவே காட்டுவார். திரையில் மகளின் முகம் பாதி தெரியும். பின்னால் மனைவியின் குரல் மட்டும் கேட்கும்: "இஞ்சாருங்கோ, காதை மூடிக் கட்டினனீங்களோ?"

ஒரு வருடம் பெருங்காற்று அடித்து லிஃப்டுகள் ஓடவில்லை. கோயிலில் பழகிய வேறு இரண்டு குடும்பங்களையும் அந்த முறை அங்கிள் நம்பிக்கை சொல்லிக் கூட்டி வந்திருந்தார். மலிவான டிக்கெட், மாற்றித் தர மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். காருக்குள் கண்ணாடியில் மழை அடிக்க, பிட்டையும் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டு யாரும் அங்கிளைப் பார்க்காமல் இருந்தோம். அவர் சாப்பிடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சடித்துக் கொண்டுவந்த நிபந்தனைத் தாள்களை வாசித்துக்கொண்டிருந்தார். பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான லிஃப்டுகள் ஓடினால் அன்றைய டிக்கெட்டை வேறொரு நாளுக்கு மாற்றலாம் என்று அங்கே இருந்தது. நனைந்துகொண்டே டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். உள்ளே இருந்த பெண் அந்தப் பந்தியை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இங்கே வேலை செய்யிற நானே இதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாளாம். பதினொரு டிக்கெட்டும் மாறின. திரும்பி வந்த அங்கிளுக்கு அம்மா தன் பங்குப் பொரித்த முட்டையையும் வைத்துக் கொடுத்தாள்.

நான் பல்கலைக்கழகம் போன பிறகு என் பனிப்பயணங்கள் குறைந்தன. அங்கிளுக்கு ஒருநாள் நிரந்தர விசா கிடைத்தது. நகரத்தின் வடக்கே கிரெய்கிபர்னில் சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எங்கள் பின் அறையைக் காலி செய்தார். குடும்பத்துக்கான விண்ணப்பம் போட்டுவிட்டு மறுபடியும் காத்திருந்தார். கடைசியில் போன வருடம், பனிக்காலம் தொடங்கிய பிறகு, அவருடைய மனைவியும், எனக்கு அன்ரி, மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு நாங்களும் போனோம். அன்ரி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். மகள் பயணப்பையைப் பிடித்தபடி, அங்கிளுக்கு ஒரு அடி தள்ளி, மிகவும் மரியாதையாக நின்றாள். அவரைவிட அரை அங்குலம் உயரம்.

இரண்டு கிழமை கழித்து அங்கிள் என்னைக் கூப்பிட்டார். இப்போது அவருக்கே கணினி தெரியும். ஆனாலும் டிக்கெட் எடுப்பதென்றால் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். கிரெய்கிபர்னுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் கணினி இருந்தது. அன்ரி தேநீர் கொண்டுவந்தாள். மகள் சோபாவில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை என்று அங்கிள் என்னைக் கூப்பிட்டபோதே சொல்லியிருந்தார். "கேட்டதுக்குப் பதில் சொல்லுறாள். விருந்தாளி மாதிரி."

பக்கம் திறந்தது. நான் பழக்கத்தில் குழந்தைகள் விலையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கண்ணில் பட்டது. பதினைந்து வயதுக்கு மேல் எல்லாரும் பெரியவர். அவளுக்குப் பதினாறு.

அங்கிள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு, ஏழு, எட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்திருந்த விலைகளில் ஒன்றைக்கூட அவர் கொடுக்கவில்லை. அத்தனையும் கடந்துபோயிருந்தன.

அன்ரி மெதுவாகச் சொன்னாள்: "அவள் மெலிஞ்ச பிள்ளைதானே. பதினாலெண்டு போட்டால் ஆர் கேக்கப்போயினம்?"

"இல்லை. பெரிய ஆள் எண்டே போடுவம்."

முன்பதிவு மலிவு எப்போதோ முடிந்திருந்தது. பள்ளி விடுமுறை, அதிலும் சனிக்கிழமை, வருடத்திலேயே ஆகக் கூடிய விலை. பனிக்காலம் முடியப்போகிற ஓகஸ்ட் கடைசி வரை பொறுத்தால் குறையும் என்று நான் சொன்னேன். அவரிடமிருந்தே நான் கற்றுக்கொண்ட விஷயம் அது.

"இந்த முறை பொறுக்கேலாது பிள்ளை" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, தானே எழுத்தெழுத்தாகத் தட்டி, பணம் செலுத்தினார். நிபந்தனைகளை வாசிக்கவில்லை.

மலைக்கு நானும் போனேன். காலையில் மகளுக்குப் பாடம். அவள் விழவே இல்லை. பிற்பகல் அங்கிளும் மகளும் ஒரு கதிரையில் ஏற, சறுக்காமல் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்த அன்ரியோடு நான் பின்கதிரையில் ஏறினேன். கீழே யூக்கலிப்டஸ் மரங்கள் பனியைச் சுமந்து நின்றன. முன்கதிரையில் இருவருக்கும் இடையில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. அன்ரி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் மகள் கையுறையைக் கழற்றி ஃபோனை எடுத்தாள். கிளிநொச்சியில் அப்போது காலை. யாரையோ அழைத்தாள். மலையின் அமைதியில் அவள் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எடியே, இப்ப நம்புறியோ? கிராஃபிக்ஸ் எண்டனீங்கள். இந்தா, மலை. இந்தா, என்ர அப்பா."

ஃபோனுக்குள் நாலைந்து பெண்பிள்ளைகள் கத்தினார்கள். அவர்களை அங்கிளுக்குத் தெரியாது. அவர்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் அனுப்பிய ஒவ்வொரு வீடியோவையும் அவள் வகுப்பு முழுவதற்கும் காட்டியிருக்கிறாள். முகம் திரைக்குள் அடங்க வேண்டுமென்று அவள் அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். இடைவெளி போய்விட்டது.

"அங்கிள், அங்கிள்!" என்று ஒரு குரல் கேட்டது. "ஒருக்கா விழுந்து காட்டுங்கோ!"

"அப்பா விழமாட்டார்" என்றாள் மகள். "இப்ப அவருக்கு நல்லாத் தெரியும்."

அங்கிள் மறுக்கவில்லை. அந்தப் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். கதிரை உச்சிக்கு வந்தது. அவர் இறங்கினார். ஒரு சறுக்குக் கட்டை கிழக்கேயும் மற்றது மேற்கேயும் போக, தப்பிப்பதற்காக மகளின் கையைப் பிடித்து, அன்றைக்கு ஒரு முறைகூட விழாதிருந்த அவளையும் சேர்த்துக்கொண்டு, இறங்கு வாசலிலேயே விழுந்தார். மேலே நின்ற லிஃப்ட் ஊழியர் அவசரமாக அதை நிறுத்தினார். நானும் அன்ரியும் ஆகாயத்தில் நின்றுவிட்டோம். கதிரை முன்னும் பின்னும் ஆடியது. கீழே இருவரும் எழும்பப் பார்க்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததும் சிரிப்பு வந்து மறுபடி விழுகிறார்கள். பனியில் கிடந்த ஃபோனுக்குள் கிளிநொச்சியே கைதட்டிக்கொண்டிருந்தது.

அன்ரிக்கு உயரம் என்றால் பயம். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். பயப்பட வேண்டாம், இப்போது திரும்ப ஓடத் தொடங்கும் என்று நான் சொன்னேன்.

"அவசரமில்லைப் பிள்ளை" என்றாள், கண்ணை அவர்களிடமிருந்து எடுக்காமல். "இதுக்கும் சேத்துத்தானே மனிசன் முழு விலை குடுத்தது. இருந்து பாப்பம்."