நாலு மைல் பேச்சு

லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். அதை ஓட்டுவது என்று சொல்லலாமா என்பதில் அவருக்கே சந்தேகம் உண்டு. ஒரு முக்காலி, ஒரு மடக்குக் கதவு, ஒரு பித்தளைக் கைப்பிடி. மேலே போவார், கீழே வருவார். அத்தனை வருஷத்தில் முன்னால் ஓர் அடி நகர்ந்தது கிடையாது.

ஆனால் மனசு போய்க்கொண்டேதான் இருந்தது. கண்ணை லேசாக மூடினால் போதும், லிஃப்டின் உறுமல் மோட்டார் சைக்கிளின் உறுமலாக மாறிவிடும். முதல் மாடி தாண்டினால் கடைத்தெரு முடிந்தது. இரண்டாவது தாண்டினால் புளியமரங்கள். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஏரிக்கரை வரும். குளிர்ந்த காற்று சட்டைக்குள் புகுந்து பலூன்போல ஊதும். தண்ணீரின் மேல் வெயில் உட்கார்ந்திருக்கும். "நாலாவது மாடி, லிஃப்ட்காரரே" என்று யாராவது தோளைத் தொடுவார்கள். இடது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே அவர் கதவைத் திறப்பார். அந்தக் காலுக்கு அங்கே என்ன வேலை என்று பார்த்தவர்களுக்குப் புரியாது. அது பிரேக்.

முப்பத்திரண்டு வயது வரைக்கும் அவர் போட்டோ ஸ்டுடியோ ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளில் அலைந்தவர். யாரோ சிரித்த படங்களை யார் வீட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுப்பார். பிறகு ஒரு நாள் வண்டியை விற்றுவிட்டு லிஃப்டுக்குள் போனவர்தான். அறுபது வயதில், பட்டனைத் தொட்டால் தானே போகிற லிஃப்ட் வந்தது. மாலை போட்டு, கைகுலுக்கி, அவரை வெளியே அனுப்பிவைத்தார்கள். வெளியே வந்து தெருவில் நின்றார். தெரு எவ்வளவு நீளமாகப் போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்ததுபோல் இருந்தது.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவர். தெருவுக்கு அவர் தையல்காரம்மா. ஒரு மத்தியானம் அவர் பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது இவர் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, ஒரு வண்டி பார்த்திருக்கேன்."

"என்ன வண்டி, தள்ளுவண்டியா?"

"மோட்டார் சைக்கிள். நம்ம மெக்கானிக்கிட்ட ஒண்ணு நிக்குது. பழசுதான், ஆனா இன்ஜின் நல்லா இருக்குங்கறான்."

மிஷின் நின்றது. ஊசிக்கு அடியில் துணி அப்படியே கிடந்தது.

"வாங்குங்க. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஆனா நான் ஏற மாட்டேன். அதை மட்டும் கேக்காதீங்க."

மிஷின் மறுபடி ஓடியது. அவர் படியிலேயே நின்றார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை ஏரிக்கரை வரைக்கும் போய்வர வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி எதற்கு? தனியாகப் போவதானால் லிஃப்டிலேயே போயிருக்கலாமே.

மனைவி ஏறாததற்குக் காரணம் சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நாலு பேர் கூடினால் லிஃப்ட்காரரின் தம்பிதான் எடுத்துவிடுவார். "எங்க அண்ணன் இருக்காரே, உலகத்துல மனுஷங்க குடையை மறப்பாங்க, கண்ணாடியை மறப்பாங்க. இவர் பெட்ரோல் பங்க்ல அண்ணியை மறந்து வச்சுட்டு நாலு மைல் தள்ளி வீட்டுக்கே வந்துட்டார். வந்து நின்னு, இறங்கும்மான்னாராம். இறங்கினது யாருன்னா ஒரு பை."

எல்லோரும் சிரிப்பார்கள். தையல்காரம்மாவும் சிரிப்பார். "நான் குடையா இருந்தா அடுத்த மழைக்காவது தேடியிருப்பார்" என்று தன் பங்குக்கும் சொல்லுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் லிஃப்ட்காரர் இத்தனை வருஷமும் ஏமாந்துபோனார். ஏதோ சின்னக் கோபம், நாளானால் போய்விடும் என்று இருந்துவிட்டார்.

வண்டி வந்தது. லைசென்ஸைப் புதுப்பித்தாயிற்று. பூட்டிக் கிடந்த குடோன் ஒன்றின் முன்னால் அகலமான சிமெண்ட் தரை உண்டு. அங்கேதான் மெக்கானிக் அவருக்குப் பழக்கிக் கொடுத்தான். பழக்குவதற்கு என்ன இருக்கிறது, நீச்சல் மாதிரி மறக்காது என்று நினைத்துத்தான் அவர் ஏறினார். மறக்காததுதான் தொல்லையாகப் போயிற்று. அவருடைய பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிகளில் அது அப்படியே தலைகீழ். கியர் மாற்றலாம் என்று வலது காலை மிதித்தால் வண்டி முரண்டு பிடித்து நின்றது. நிறுத்தலாம் என்று இடது காலை மிதித்தால் கியர் மாறிக்கொண்டு வண்டி பாட்டுக்குப் போயிற்று. குடோன் கதவு வரைக்கும் போய்க் கதவைத் தட்டியே நின்றது ஒரு நாள்.

மெக்கானிக் ஓடி வந்து ஹேண்டிலைப் பிடித்தான். "உங்களுக்கு அறுபது வயசாச்சு லிஃப்ட்காரரே. உங்க காலுக்கு இன்னும் முப்பத்திரண்டுதான் நடக்குது. யாராவது போய் அதுகிட்ட சொல்லுங்க."

காலுக்கு அவரேதான் சொல்லிக் கொடுத்தார். சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, பிரார்த்தனையில் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போதுகூட இடது கால் மெல்ல மேலும் கீழும் ஆடும்.

"மேஜைக்குக் கீழ என்ன ஆட்டம்?" என்பார் மனைவி.

"மூணாவது கியர்."

"சாப்பாட்டுக்கு எதுக்கு மூணாவது? நியூட்ரல்ல வச்சு மெல்லுங்க."

இப்படி ஒரு மாதம். அப்புறம் ஒரு விடிகாலையில் கால் தானாகவே புரிந்துகொண்டது. காலுக்குக் கண் திறந்ததுபோல் இருந்தது அவருக்கு. சிமெண்ட் தரையை விட்டு ரோட்டுக்கு வந்தார். வீடுகள் பின்னால் போயின. பால்காரர் கையை உயர்த்தினார், அதுவும் பின்னால் போயிற்று. உடம்பில் எடையே இல்லை. தான் அசையாமல் இருக்க, உலகம்தான் பாய் சுருட்டுவதுபோல் சக்கரத்துக்கு அடியில் சுருண்டு போகிறது என்று பட்டது. ஆண்டவனே, இதை எங்கே வைத்திருந்தாய் இத்தனை நாளாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டார். இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்தது. காற்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சில்லென்றது.

வண்டியின் சீட் மட்டும் கிழிந்து கிடந்தது. மெக்கானிக் அதைக் கழற்றித் தையல்காரம்மாவின் மேஜைமேல் கொண்டுவந்து போட்டான். "நீங்கதான் தைக்கணும்மா, கடையில கொடுத்தா கோணலா தைப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவர் டேப்பை எடுத்து அளந்தார். கறுப்பு ரெக்ஸின் வாங்கி வரச் சொன்னார். மறுநாள் மத்தியானம் லிஃப்ட்காரர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் மேஜைமேல் பால் கொட்டினதுபோல் பரவிக் கிடந்தது. தெருவில் சத்தமே இல்லை.

மனைவி ஸ்பாஞ்சை வெட்டிப் பின்பாதியில் இன்னொரு அடுக்கு வைத்தார்.

"பின்னாடி எதுக்கும்மா அவ்வளவு மெத்தை?"

"யாராவது உக்காருவாங்க இல்ல."

"யாரு?"

"அது எனக்கு எதுக்கு? சீட்டுன்னா ரெண்டு பேருக்குத்தான் தைக்கணும்." கத்தரிக்கோலை வைத்தார். "லிஃப்ட்ல யார் ஏறினாலும் திரும்பிப் பார்க்காமலே ஆளைச் சொல்லுவீங்களாமே. உங்க தம்பி சொல்லுவார்."

"தரை அமுங்கறதுல தெரியும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு விதமா அமுங்கும்."

"அந்தத் திறமை எப்ப வந்துச்சு உங்களுக்கு?"

அவர் கீழே கிடந்த ஸ்பாஞ்சுத் துண்டைக் குனிந்து எடுத்தார். "அதுக்கப்புறம்தான்" என்றார். "இனிமே எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரா இல்லையான்னு தெரியாம இருக்கக்கூடாதுன்னு பழகினேன்."

மனைவி ரெக்ஸினை நீவிக்கொண்டே இருந்தார். நீவ ஒரு சுருக்கமும் இல்லை.

"அன்னைக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

ஊர்ப் பேச்சில் இல்லாத பகுதி அது. அன்றைக்கு இருவரும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் தங்கி எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இனிக் குழந்தைக்கு வழியில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். துணிப்பை இருவருக்கும் நடுவில் இருந்தது.

"டாக்டர் சொல்லி ரெண்டு மணி நேரம்கூட ஆகல" என்றார் மனைவி. "அழுத முகத்தோட வீட்டுக்கு வர வேண்டாம்னு பங்க்ல இறங்கிக் குழாய்ல முகம் கழுவினேன். திரும்பினா வண்டி இல்ல. எல்லாரும் மறந்துட்டார், மறந்துட்டார்னு சிரிக்கிறாங்க. நீங்க மறந்தீங்கன்னு நான் நினைக்கலங்க. விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

லிஃப்ட்காரர் ஸ்டூலைக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் அங்கேயே நின்னேன். அப்புறம் வந்தீங்க. மனசு கேக்காம, பாவம்னு திரும்பி வந்திருக்கார்னு நினைச்சேன். கேட்டுடணும்னு எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு முழுங்கிட்டேன்."

"வீட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தா நீ இல்ல" என்றார் அவர். "வழியில நீ விழுந்துட்டேன்னு நினைச்சு ஒவ்வொரு பள்ளமா, ஒவ்வொரு புதரா இறங்கித் தேடிக்கிட்டே வந்தேன். அதான் ஒரு மணி நேரம். அந்தப் பை முதுகுல சாஞ்சு கிடந்ததும்மா. நீதான் அழுது களைச்சு சாஞ்சிருக்கேன்னு, நான் பேசிக்கிட்டே போனேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்."

"என்ன பேசினீங்க?"

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குழந்தை இல்லாவிட்டால் போகட்டும். நீ இருந்தால் எனக்குப் போதும். அழாதே. யாராவது ஏதாவது சொன்னால் குறை என்பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கென்று வைத்திருந்த சின்ன அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது, உன் மிஷினை அங்கே ஜன்னலோரமாகப் போட்டுக்கொள். ஆண்டவன் நம்மை இரண்டு பேராகவே இருக்கச் சொல்கிறான்போல, இருந்துவிட்டுப் போகலாம். இதையே திருப்பித் திருப்பி நாலு மைலும் பேசியிருக்கிறார். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவர் பேசியதே கிடையாது.

தையல்காரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "கேக்க நல்லாத்தான் இருக்கு. இருபத்தெட்டு வருஷம் கழிச்சு யாரு வேணா இப்படிச் சொல்லலாம்."

ஒரு துணிப்பையையும் ஆண்டவனையும் தவிர அந்தப் பேச்சுக்குச் சாட்சி ஏது? லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி நூலைக் கோக்க ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. ஜன்னலைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார்.

"இந்த மிஷினை இங்க எப்ப கொண்டுவந்து போட்டீங்க?"

"அந்த வாரமே."

"தொட்டிலுக்குன்னு வச்ச ரூமைக் காலி பண்ணிட்டார், அவ்வளவு வெறுப்பு என்மேலன்னு நினைச்சேன். ஏங்க, ஒரு தடவை திரும்பச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லிட்டோம்னே மனசுல இருந்துச்சும்மா. நீ கேக்கலன்னு அறிவுக்குத் தெரியும். ஆனா சொல்லி முடிச்ச மாதிரியே இருந்துச்சு. ஒரு தடவை சொல்றதுக்கே எனக்கு நாலு மைல் வேண்டியிருந்தது."

மனைவி ஊசியில் நூலைக் கோத்தார். சீட்டைத் தைத்து முடித்தார். மெக்கானிக் வந்து மாட்டிவிட்டுப் போனான். இரண்டு நாள் சென்றது. மனைவி கண்ணைத் துடைத்தாரா, சிரித்தாரா என்று எதுவும் அவருக்குத் தெரியாது. மிஷின் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஏறுகிறாயா என்று அவரும் கேட்கவில்லை. கேட்காதீர்கள் என்று சொன்ன வார்த்தை வார்த்தைதானே.

மூன்றாம் நாள் விடிகாலை. தெரு முழுக்கப் பனி. விளக்குக் கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது. வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் ஒரு நிமிஷம் கண்மூடி நின்றார். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சாவி திரும்பியது.

"வண்டியைக் கொஞ்சம் சாயுங்க" என்றார் மனைவி. "கால் எட்டல."

அவர் சாய்த்தார். மெக்கானிக் கடையிலிருந்து எப்போது வாங்கி வைத்தாரோ, தலையில் ஒரு ஹெல்மெட் இருந்தது. தோளில் ஒரு கை ஊன்றியது. சீட் அமுங்கியது. வண்டி மெதுவாகக் கிளம்பியது.

ஏரிக்கரைக்குப் போகும் வழியில் பேச வேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பழைய பேச்சை அப்படியே திரும்பச் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணம். கடைத்தெரு போயிற்று. மரங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து, ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஒரு வார்த்தையும் வரவில்லை. முப்பத்திரண்டு வயது மனிதன் சொன்னதை அறுபது வயதுக்காரர் எப்படிச் சொல்வது? "குளிருதா?" என்று மட்டும் கேட்டார். தோளில் இருந்த கை கொஞ்சம் அழுந்தியது.

ஏரி தெரிந்தபோது மனைவி பேசத் தொடங்கினார்.

அவரிடம்தான் பேசினார். அவர் முதுகோடு பேசினார் என்றும் சொல்லலாம். காற்றும் ஹெல்மெட்டும் சேர்ந்துகொண்டு பாதியை விழுங்கின. "அந்த பங்க்ல ஒரு அம்மா எனக்கு..." என்பது கேட்டது. அப்புறம் காற்று. "...பேருகூட வச்சிருந்தேன் மனசுக்குள்ள..." மறுபடி காற்று. "...ஜன்னல்ல வெயில் வரும்போதெல்லாம்..." அப்புறம் ஒரு சிரிப்பு, அல்லது சிரிப்பு மாதிரி ஒன்று. இருபத்தெட்டு வருஷமாகப் பேசாத பேச்சு ஏரியின்மேல் பறந்து போய்க்கொண்டிருந்தது.

கேக்கல, திரும்பச் சொல்லு என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். இடது காலால் ஒரு கியர் குறைத்தார். இன்னொன்றும் குறைத்தார். வண்டி நடக்கிற ஆளின் வேகத்துக்கு வந்தது. காற்று அடங்க அடங்க வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போய், வண்டியில் ஏதாவது கோளாறா என்று திரும்பிப் பார்த்தார். லிஃப்ட்காரர் இல்லை என்று தலையை ஆட்டி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"கேக்கறீங்களா?" என்றார் மனைவி.

"கேக்கறேன், சொல்லு."